கொடிமரம் இல்லாத ஒரு திருவிழா

திருவிழா என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கொடிமரமும், நவநாள் மறையுரையும், மலர்களாலும் மின்விளக்குகளாலும் அணிசெய்யப்பட்ட தேரும், தேருக்கு முன்னே முழங்கிச் செல்லும் வாத்தியமும் ஆகும். நம் பங்கின் இளைஞர்களுக்கு அந்தப் பத்து நாள்களும் உறக்கம் இராது. பந்தல் போடுவதும், தேரை இழுப்பதும், நெரிசலில் சிறுபிள்ளைகளைக் காப்பதும், விருந்தில் இலை போடுவதும் அவர்களே. ஆண்டு முழுதும் கோவிலின் கடைசி வரிசையில் நின்று பாதிப் பூசையில் வெளியேறுகின்ற இளைஞனும், தேர்த்திருவிழா வந்துவிட்டால் முதல் ஆளாக வந்து நிற்பான். இதைக் கண்டறியாத பங்குக் குரு தமிழகத்தில் இரார்.

கொடிமரமும் தேரும் இல்லாத மற்றொரு திருவிழா நம் சென்னை மாநகரில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. அதை நடத்துவோரும் இளைஞர்களே. பொங்கலுக்கு முந்திய நாள்களில், கிண்டியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில், மாணவர்களே கூடி ஐந்து நாள் நடத்தும் கலைவிழா அது. சாரங் என்பது அதன் பெயர். அதைப்பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டுவன சில உள. கத்தோலிக்கராகிய நமக்கு அவ்விழாவோடு நாம் எதிர்பாராத ஓர் உறவும் உண்டு. அதனையே இக்கட்டுரையில் காண்போம்.

மாதவரத்திலிருந்து ஒரு கேள்வி

மாதவரம் என்றால் பால் என்பது சென்னைவாசிகள் பலரின் நினைவு. ஊரின் ஒரு பகுதிக்கே பால்பண்ணை என்றுதான் பெயர். அங்கேதான் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் இருக்கின்றது. அதன் வேராக விளங்குவது 1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி; அஃது இன்று வேப்பேரியில் உள்ளது. ஆகவே மாதவரத்தார்க்குப் பல்கலைக்கழகம் என்ற சொல் புதிதன்று. ஒருபுறம் பல்கலைக்கழகத்தின் மதிற்சுவர். மறுபுறம் சரக்கு லாரிகளின் நெடுவரிசை. அந்த மதிலை நாள்தோறும் கடந்து செல்லும் நம் மக்களுள், அதற்குள் என்ன நடைபெறுகின்றது என்பதை அறிந்தோர் சிலரே. பல்கலைக்கழகம் அருகில் இருப்பது வேறு. அதற்குள் நுழைவது வேறு.

எம் பங்கைச் சார்ந்த ஒரு தாய் ஒருநாள் மாலை அறைவீட்டிற்கு வந்தார். அவர் கணவர் லாரி ஓட்டுநர். மகன் புறநகரிலுள்ள ஒரு கல்லூரியில் பொறியியல் பயில்பவன். சிறுவயதில் பீடச்சிறுவனாக இருந்தவன். நன்றாக நடனமாடக் கூடியவன். கல்லூரி நடனக் குழுவில் அவனையும் சேர்த்துக் கிண்டிக்கு அழைத்துச் செல்வதாகக் கூறியிருந்தார்கள்.

“ஃபாதர், அஞ்சு நாள் அங்கேயே தங்கணும்னு சொல்றான். ராத்திரியெல்லாம் பாட்டும் ஆட்டமுமாம். படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா? அனுப்பலாமா, வேண்டாமா?” என்று கேட்டார் அவர்.

இந்தக் கேள்வியை ஒரு தாய் மட்டுமா கேட்கிறார்? பிப்ரவரி வரையில் நம் கல்லூரிகள் பலவற்றிலும் இத்தகைய விழாக்கள் தொடர்ந்து வரும். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் டெக்கோஃபெஸ், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் டீப் வுட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயருண்டு. ‘போ’ என்று சொல்லவும் ‘போகாதே’ என்று சொல்லவும் அறியாமையே போதும். ஆனால் அறிவுரை சொல்வதற்கு நேரில் கண்டிருத்தல் வேண்டும். “பையன் போகட்டும், அம்மா. நானும் ஒருநாள் போய்ப் பார்த்து வருகிறேன்” என்றேன்.

வடக்கிலிருந்து தெற்கே

மாதவரத்திலிருந்து கிண்டிக்குத் தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆயினும் அப்பயணம் ஒரு நகரத்திற்குள் இரண்டு ஊர்களைக் காட்டும். மூலக்கடையைத் தாண்டிப் பெரம்பூருக்குள் வந்தால் லூர்து அன்னையின் திருத்தலம். பிப்ரவரி 11ஆம் நாள் வடசென்னை முழுவதும் அங்கே திரளுவதை நாம் அறிவோம். அந்தப் பெரம்பூர்தான் பின்னி ஆலைத் தொழிலாளருக்காக 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றிய இடம். இந்தியாவின் தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் அவ்வாண்டிலிருந்தே தொடங்குவர். ஆலையின் சங்கொலியைக் கேட்டு எழுந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று கல்லூரிகளில் பயில்கின்றனர். அவர்களுள் பலர் தம் குலத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள்.

சாலை நெடுகிலும் மெட்ரோ இரயிலுக்காகத் தோண்டிய பள்ளங்களும் தகரத் தடுப்புகளும். மாதவரம் பால்பண்ணையிலிருந்து தெற்கே சிறுசேரி வரையில் 45 கிலோமீட்டர் அளவிற்கு ஒரு புதிய பாதை அமைந்து வருகின்றது. வடக்கில் வாழ்வோரைத் தெற்கிலுள்ள கணிப்பொறி நிறுவனங்களோடு அஃது இணைக்கும். இரும்புப் பாதை இணைத்துவிடும். உள்ளங்களை இணைப்பதற்கு வேறு பாதை வேண்டும் என்ற எண்ணம் பேருந்தில் அமர்ந்திருந்தபோது எழுந்தது.

புரசைவாக்கம், எழும்பூர், அண்ணா சாலை என்று கடந்து, சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் சின்னமலை. நம் விசுவாசத்தின் தந்தையாகிய புனித தோமையார் மறைந்து தங்கினார் என்று மரபு கூறும் குன்று அது. அதன் அடிவாரத்தைக் கடந்து செல்கையில் சிலுவை அடையாளம் வரையாத கத்தோலிக்கர் இலர். அங்கிருந்து சற்றுத் தொலைவிலேயே, ஆளுநர் மாளிகையையும் அண்ணா பல்கலைக்கழகத்தையும் அடுத்து, சர்தார் பட்டேல் சாலையில் அமைந்துள்ளது தொழில்நுட்பக் கழகத்தின் வாயில்.

இக்கழகம் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு உருவாகி, 1959ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அந்நாளைய மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீரால் தொடங்கி வைக்கப்பெற்றது. கிண்டிக் காட்டின் ஒரு பகுதியே இதற்கு இடமாக அளிக்கப்பட்டது. 600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. மரங்கள் அடர்ந்து ஆலமரங்கள் விழுது விட்டு நிற்கும் சாலைகள். ஜெர்மனியின் உதவிக்கு நன்றியாக ஒரு சாலைக்கு பான் நகரின் பெயர். மாணவர் விடுதிகளுக்குக் காவிரி, கிருஷ்ணா, நர்மதா, கோதாவரி என்று நதிகளின் பெயர். சாலையோரத்தில் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடாமல் மேய்கின்றன. முறுக்கிய கொம்புகளையுடைய வெளிமான்களையும் புல்வெளிகளில் காணலாம். லாரிகளின் புகையினின்று வந்த கண்களுக்கு அது வேறு நாடு போலவே தோன்றியது.

பெயரில் ஒளிந்திருக்கும் வரலாறு

இவ்விழா 1974இல் தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் சாரங் அன்று. ‘மார்டி கிரா’ என்பதே அதன் முதற்பெயர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பெயரே வழங்கியது. 1990களின் நடுவில்தான் சாரங் என்று மாறியது. வடமொழியில் சாரங்கம் என்ற சொல்லுக்கு மான் என்றும் ஒரு பொருளுண்டு. மான்கள் உலவும் வளாகத்திற்கு அது பொருத்தமான பெயரே.

எனினும் பழைய பெயரிலேதான் நம் உறவு இருக்கின்றது. மார்டி கிரா என்பது பிரெஞ்சு மொழியில் ‘கொழுத்த செவ்வாய்’ என்று பொருள்படும். அது திருநீற்றுப் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. மறுநாள் தொடங்கித் தவக்காலம் முழுவதும் இறைச்சியும் நெய்யும் விலக்கப்படும் ஆதலால், வீட்டிலிருப்பவற்றை அன்றே சமைத்து உண்டு மகிழ்ந்தனர் பழைய ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள். கார்னிவல் என்று உலகெங்கும் வழங்கும் சொல்லும் இறைச்சியை விலக்குதல் என்ற பொருளுள்ள இலத்தீன் சொற்களினின்றே பிறந்தது என்பர். ஆட்டமும் பாட்டமும் வேடிக்கையும் அவ்விழாவில் மிகுந்தன. சில இடங்களில் வரம்பும் கடந்தன. ஆயினும் நள்ளிரவு மணி அடித்தவுடன் விழா நிற்கும். விடிந்தால் நெற்றியில் சாம்பல். விருந்துக்குப்பின் நோன்பு, நோன்புக்குப்பின் உயிர்ப்பு என்ற ஒழுங்கில் அஃது ஒரு படி.

கடலும் மலையும் தாண்டி அந்தப் பெயர் சென்னை மாணவர்களின் விழாவிற்கு வந்து சேர்ந்தபோது, விருந்து மட்டும் வந்தது, சாம்பல் வரவில்லை. அதில் வியப்பில்லை. பல சமயத்தாரும் பயிலும் அரசுக் கழகத்தில் தவக்காலத்தை எவரும் எதிர்பாரார். ஆனால் பெயரை நமக்குரியதாக உணரும் நாம், அப்பெயரின் மறுபாதியையும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். எந்த மகிழ்ச்சியும் தன் எல்லையை அறிந்திருந்தால்தான் மகிழ்ச்சியாக நிலைக்கும்.

ஐரோப்பாவில் இது வசந்தத்தை வரவேற்கும் பருவத்து விழா. நம் நாட்டிலோ சாரங் நடைபெறுவது மார்கழியின் கடைசி நாள்களில். தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் அது முன்பனிக் காலம். நம் இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும். அப்பருவத்து விழாவும் நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் நடந்த இந்திர விழாவை மணிமேகலை விரித்துரைக்கின்றது. சோழ மன்னன் அவ்விழாவை மறந்தமையால் கடல் பொங்கி ஊரை அழித்தது என்றும் அக்காப்பியம் கூறும். விழாவை மறந்த ஊர் வாழாது என்பது நம் முன்னோர் கருத்துப் போலும்.

மாணவர் கையில் ஒரு நகரம்

உள்ளே கண்டவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஓரிடத்தில் வினாடி-வினா, ஓர் அரங்கில் சொற்போர், மரத்தடியில் ஓவியம், திறந்த வெளியில் தெருநாடகம், மற்றோரிடத்தில் குழு நடனப் போட்டிக்கான ஒத்திகை. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கல்லூரி மாணவர்கள் வந்திருந்தனர். மாலையானதும் அனைவரும் திறந்தவெளி அரங்கை நோக்கி நடந்தனர். அரைவட்டமாகப் படிப்படியாக அமைந்த அவ்வரங்கில் சுமார் 7,000 பேர் அமரலாம். ஓர் இரவு செவ்வியல் இசை, ஓர் இரவு நடனம், ஓர் இரவு மேனாட்டு இசை, ஓர் இரவு திரையிசை என்று முறை வைத்துக்கொள்வது வழக்கம்.

என் கவனம் மேடைக்குப் பின்னேதான் சென்றது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பேசுகருவியுமாக ஓடிக்கொண்டிருந்த இளைஞர்களும் இளம்பெண்களும் எல்லாரும் மாணவர்கள். பேராசிரியர்கள் ஆலோசனை கூறுவர், நடத்துவோர் மாணவரே. பணம் திரட்டுவோர் ஒரு குழு. மேடையும் ஒலியும் ஒளியும் ஒரு குழுவின் பொறுப்பு. வெளியூர் மாணவருக்கு விடுதியில் இடம் ஒதுக்குவோர் ஒரு குழு. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவோர் ஒரு குழு. உணவகங்களைக் கண்காணிப்போர் ஒரு குழு. இதற்கான பணி பல மாதங்களுக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. நிறுவனங்களின் வாயிலில் காத்திருந்து விளம்பர உதவி கேட்பதும், ‘இல்லை’ என்ற விடையைப் பெற்றுக்கொண்டு அடுத்த வாயிலுக்குச் செல்வதும் பாடநூலில் இல்லாத படிப்பு. இருபது வயதுப் பிள்ளை ஒருவன் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நிற்கும் வாயிலில் நின்று, ஒருவரையும் புண்படுத்தாமல், ஒருவரையும் நசுங்கவிடாமல் வரிசையை உள்ளே அனுப்புவதைக் கண்டேன். நம் தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கும் இளைஞனின் முகத்தில் காணும் அதே பொறுப்பும் பெருமிதமும் அவன் முகத்திலும் இருந்தன.

குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. காதைப் பிளக்கும் ஒலி உண்டு. எத்திசையில் திரும்பினும் ஏதோவொரு வணிக நிறுவனத்தின் பெயர்ப்பலகை உண்டு. பெரிய நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு வேண்டும். எல்லாப் பிள்ளைகளாலும் அதை வாங்க இயலாது. மான்கள் உலவும் மண்ணில் திரளான மக்கள் கூடும்போது, எறியப்படும் ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையும் ஓர் உயிருக்கு ஊறாகலாம். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டியவர்களும் அந்த மாணவர்களே. ஆனால் பெற்றோர் அஞ்சும் வண்ணம் அஃது ஒழுங்கற்ற களியாட்டமாக எனக்குத் தோன்றவில்லை. உழைத்துக் களைத்த பிள்ளைகளின் கூட்டமாகவே தோன்றியது.

ஓர் இளைஞனின் அச்சம்

நடனக் குழுவில் வந்திருந்த எம் பங்கு இளைஞனை உணவகத்தருகே சந்தித்தேன். அவர்கள் குழு முதற்சுற்றைத் தாண்டவில்லை. அதைப்பற்றி அவன் வருந்தியதாகத் தெரியவில்லை. “நல்லா ஆடினோம், ஃபாதர். எங்களைவிட அவங்க நல்லா ஆடினாங்க” என்று சிரித்தான். பிறகு சிறிது நேரம் மௌனமாக இருந்தான்.

“என்ன தம்பி?” என்றேன்.

“மேடையில ஏறப் பயமில்ல, ஃபாதர். இறங்கினதும் பக்கத்துல வந்து இங்கிலீஷ்ல பேசுவாங்களே, அப்பதான் பயம். எந்த ஊர்னு கேட்டாங்க. சென்னைன்னு மட்டும் சொன்னேன். மாதவரம்னு சொல்லல.”

அவனை எவரும் இகழவில்லை. எவரும் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. அதை அவனே சொன்னான். அந்த அச்சத்தை அவன் மாதவரத்திலிருந்தே சுமந்து வந்திருந்தான். ஆலைகளும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் தந்து இந்நகரத்தை வாழவைக்கும் வடசென்னையின் பிள்ளை, தன் ஊர்ப்பெயரை வாய்க்குள் விழுங்கிக் கொள்கிறான். அவன் தாய் இரவில் பாட்டும் ஆட்டமும் இருக்குமே என்று அஞ்சினார். அவர் அஞ்சியிருக்க வேண்டியது இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

“தம்பி, புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்கா சென்று கேரம் விளையாட்டில் மூன்று தங்கம் வென்று வந்தாளே. அவள் எந்த ஊர் என்று உலகமே கேட்டது. அவள் ஊரை மறைத்தாளா?” என்று கேட்டேன். அவன் விடை கூறவில்லை. ஆனால் விடைபெறும்போது, தன்னோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்த வடநாட்டு மாணவன் ஒருவனை அழைத்து, “எங்க பாரிஷ் ஃபாதர். மாதவரத்துலருந்து வந்திருக்கார்” என்று அறிமுகப்படுத்தினான். தமிழிலேயே சொன்னான். அந்த மாணவனும் புரிந்துகொண்டு வணங்கினான்.

வாசலில் நின்ற அண்ணன்

ஊதாரி மைந்தன் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இளைய மகன் திரும்பி வருகிறான். தந்தை விருந்து செய்கிறார். வயலிலிருந்து திரும்பும் மூத்தவன் வீட்டை நெருங்குகையில் ஆடல் பாடல் ஒலியைக் கேட்கிறான். கேட்டவன் உள்ளே செல்லவில்லை. ஊழியனை அழைத்து, என்ன நடக்கிறது என்று விசாரிக்கிறான். பின் சினங்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். அவன் உழைப்பாளி, கட்டளை மீறாதவன். ஆயினும் இசையொலி கேட்டவுடன் அவனுக்குத் தோன்றியது ஐயம்.

பெற்றோரும் குருக்களுமாகிய நாம் அந்த அண்ணனின் இடத்தில் நிற்பது எளிது. தாவீது மன்னர் ஆண்டவரின் பேழைக்கு முன்னே துள்ளி ஆடியபோது, மீக்கால் பலகணி வழியே பார்த்து உள்ளத்தில் இகழ்ந்தாள் என்று சாமுவேல் ஆகமம் கூறுகின்றது. பலகணியில் நின்று பார்ப்பவர்க்கு ஆட்டம் மட்டுமே தெரியும், பேழை தெரியாது.

திருச்சபையின் புனிதர் பலர் பலகணியில் நிற்கவில்லை, இறங்கி வந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் உரோமை நகரின் கார்னிவல் களியாட்டங்களில் இளைஞர் சீரழிவதைக் கண்ட புனித பிலிப்பு நேரி, அவர்களை வெறுமனே கடிந்து கொள்ளவில்லை. அந்நாள்களிலேயே அவர்களை அழைத்துக்கொண்டு நகரின் ஏழு பேராலயங்களுக்கும் கால்நடையாகப் புறப்பட்டார். வழியில் பாடல் உண்டு. தோட்டத்தில் அமர்ந்து உண்பதற்கு ரொட்டியும் முட்டையும் பழமும் உண்டு. மகிழ்ச்சியை விலக்காமல் அதற்கு ஒரு திசை காட்டினார் அவர். புனித தொன்போஸ்கோ சிறுவனாக இருந்தபோது கயிற்றின்மேல் நடந்தும் கண்கட்டு வித்தை காட்டியும் ஊர்ப்பிள்ளைகளைக் கூட்டி, இடையிடையே ஞாயிறு மறையுரையை அவர்களுக்கு எடுத்துக் கூறினார். 1832இல் கியேரி நகரில் மாணவனாக இருக்கையில் அவர் தம் தோழரோடு அமைத்த சங்கத்திற்கு மகிழ்ச்சிச் சங்கம் என்றே பெயர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இன்றைய உலகைப்பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டும் மகிழ்ச்சி என்ற சொல்லோடுதான் தொடங்குகின்றது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2007ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாள்களில் நம் நகரத்துப் பூங்காக்களிலும் தெருக்களிலும் பறையும் ஒயிலும் கரகமும் ஒலிக்கச் செய்த சென்னை சங்கமம் விழாவை அமைத்தோருள் கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பர் ராஜும் ஒருவர். அவ்விழாவுக்கு மதில் இல்லை, சீட்டு இல்லை. கிராமத்துக் கலைஞர் நகரத்து நடுவே நிமிர்ந்து நின்று ஆடினர். தன் ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்குகின்ற பிள்ளைக்கு அத்தகைய காட்சி ஒரு மருந்து.

நாம் செய்யக்கூடியவை

இனி, பெற்றோருக்கும் பங்குகளுக்கும் சில சொற்கள்.

பிள்ளை கல்லூரி விழாவிற்குச் செல்ல அனுமதி கேட்டால், உடனே மறுக்காதீர்கள். உடனே தலையசைக்கவும் வேண்டா. யாரோடு செல்கிறான், எங்கே தங்குகிறான், என்ன பொறுப்பு ஏற்றிருக்கிறான் என்று கேளுங்கள். பார்க்கச் செல்லும் பிள்ளையைவிட, ஒரு பொறுப்பை ஏற்றுச் செல்லும் பிள்ளைக்கு இடறல் குறைவு. மகனுக்குத் தரும் அனுமதியை மகளுக்கு மறுக்காதீர்கள். இருவருக்கும் ஒரே எச்சரிக்கையைக் கூறுங்கள். ஒரே நம்பிக்கையையும் வையுங்கள். திரும்பி வந்ததும் ‘எவ்வளவு செலவழித்தாய்?’ என்று மட்டும் கேளாமல், ‘யாரைச் சந்தித்தாய்?’ என்றும் கேளுங்கள்.

கலை படிப்பைக் கெடுக்கும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதே தொழில்நுட்பக் கழகம் 2024-25ஆம் கல்வியாண்டு முதல் விளையாட்டில் சிறந்தோர்க்கும், 2025-26 முதல் நுண்கலைகளில் சிறந்தோர்க்கும் இளநிலைப் படிப்புகளில் தனி இடங்களை ஒதுக்கியுள்ளது. நுழைவுத் தேர்விலும் தேறியிருத்தல் வேண்டும் என்பது உண்மையே; எனினும் பாட்டும் நாட்டியமும் பந்தும் இழப்புக் கணக்கில் எழுதப்படுவன அல்ல என்பதற்கு இது போதிய சான்று.

வாயில்கள் வேறும் உள. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் தமிழக அரசால் 2021இல் சட்டமாக வகுக்கப்பட்டுள்ளது. மாதவரத்து மதிலுக்குள் நுழைய நம் பிள்ளைகளுக்கு அது ஒரு வழி. கிண்டிக் கழகமோ தரவு அறிவியலில் இளநிலைப் பட்டப் படிப்பொன்றை இணையவழியில் நடத்துகின்றது. அதற்கு அந்தக் கடினமான பொது நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை. சில வாரப் பாடங்களைப் பயின்று தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். குடும்ப வருமானத்திற்கேற்பக் கட்டணச் சலுகையும் உண்டு. வீட்டிலிருந்து பயிலும் அம்மாணவர்களும் ஆண்டுக்கொருமுறை அந்த ஆலமரச் சாலைகளில் கூடித் தங்களுக்கென ஒரு விழா நடத்துகிறார்கள். இச்செய்திகளை ஞாயிறு அறிவிப்புகளில் சொல்லாமல் வேறு எதைச் சொல்லப் போகிறோம்?

பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள். தேர்த்திருவிழாவில் இளைஞரின் தோள்களைப் பயன்படுத்துகிறோம். அவர்தம் அறிவைப் பயன்படுத்துவதில்லை. வரவுசெலவுத் திட்டத்தை அவர்கள் எழுதட்டும். கலைநிகழ்ச்சியை அவர்கள் அமைக்கட்டும். தவறு செய்தால் திருத்துவோம். வாரம் ஒருநாள் மாலை, பங்கு மண்டபத்தில் மூத்த மாணவர் இளைய மாணவரோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகட்டும். ஆங்கிலம் என்ற அந்த அச்சம் மூன்று மாதத்தில் பாதி குறையும். அதோடு, தம் ஊரின் பெயரை உரக்கச் சொல்லவும் அவர்களைப் பழக்குவோம். தோமையார் நடந்த மண்ணுக்கும் மாதவரத்து மண்ணுக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை என்பதை நாமே முதலில் நம்ப வேண்டும்.

ஊதாரி மைந்தன் உவமைக்கு முடிவுரை இல்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். தந்தை வெளியே வந்து மூத்த மகனைக் கெஞ்சி அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா என்பதை ஆண்டவர் கூறாமலே விட்டுவிட்டார். அந்த அண்ணனைப் போல வாசலில் நிற்கின்ற பெரியவர்கள் நம்மில் உண்டு. உள்ளே செல்லத் துணிவின்றி அதே வாசலில் நிற்கின்ற பிள்ளைகளும் உண்டு. இருவரையும் அழைத்துச் செல்ல ஒருவர் வெளியே வரவேண்டும். அந்தத் தந்தைக்குரிய பணியே குடும்பத்தில் பெற்றோருக்கும், பங்கில் எம்போன்ற குருக்களுக்கும் இறைவன் தந்துள்ள பணி.